மூன்றாம் கிலோமீட்டர்

"மூணுன்னுதாங்க போட்டிருக்கு!"

"மூணாம் கல்லு அப்பவே எழுதியாச்சுடி. கண்ணு தெரியலையா உனக்கு?"

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. உங்களுக்குத்தான் போக மனசில்ல."

நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களுக்கு வர்ணம் பூசும் கணவனும் மனைவியும் அவர்கள். அவள் கல்லைத் துடைப்பாள். செதுக்கியிருக்கும் எண்ணில் அவர் கறுப்பை நிரப்புவார். எண் ஒவ்வொன்றாகக் குறைந்து மகளின் ஊரில் முடியும். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவர் ஆறு வருடமாகப் பேசவில்லை. கடைசிக் கல்லை எழுதியதும் மகள் வீட்டுக்கு வருவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

அடுத்த கல்லிலும் மூன்று. அதற்கடுத்த கல்லிலும் மூன்று. ஊரின் தண்ணீர்த் தொட்டி கிட்டவும் வராமல் எட்டவும் போகாமல் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.

"கல்லுகூட உங்கள மாதிரியே அடம் பிடிக்குது" என்றாள்.

அவர் தூரிகையை வர்ண டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு எழுந்தார்.

"சரி, நானே முதல்ல பேசறேன். போதுமா?"

டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அன்று முதல் தடவையாக அவளுக்கு முன்னால் நடந்தார். அடுத்த கல்லின் முன் குந்தி, எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு.

"ஏம்மா, அவ கதவத் திறப்பாளா?"