பதினேழு கழிவுகள்

"இதுல மெயின் எது?" என்று கேட்டார் கல்லூரிப் பதிவாளர் குருபாதம். பழைய இரும்பு எடுப்பவரின் லாரி வாசலில் நின்றது.

"மெயினுன்னு ஒண்ணும் இல்ல சார்," என்றாள் கணினிக்கூடப் பொறுப்பாளர் ஜெபராணி.

அவர் நம்பவில்லை; மெயினை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும், லாரியில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தார். 'கழிவு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்த பதினேழு கணினிகளை அவள் திறமூல மென்பொருளால் இணைத்து, ஒன்றாக உழைக்க வைத்திருந்தாள். வரப்போகும் புயலில் கடல் ஊருக்குள் எதுவரை ஏறும் என்று அவை மூன்று நாளாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. அவர் திரை மாட்டியிருந்த கணினியின் வயரைப் பிடுங்கினார். அவள் திரையைக் கழற்றி அடுத்ததில் மாட்டினாள். ஊர் வரைபடத்தில் கடல்நீரின் எல்லையைக் காட்டும் நீலக்கோடு விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது. அதையும் பிடுங்கினார். அடுத்ததில் மாட்டினாள். தினமும் ஏதாவதொன்று செத்துப்போகும் பழைய கணினிகள் என்பதால், செத்ததன் பங்கை மற்றவை எடுத்துக்கொள்ளும்படிதான் அவள் அமைத்திருந்தாள்.

பதினாறையும் பிடுங்கி முடித்தபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"இந்த ஒண்ணு போதும் சார். மெதுவா ஓடும், அவ்வளவுதான். வேணும்னா இதையும் பிடுங்குங்க."

அவர் கடைசி வயரைப் பிடித்தார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நீலக்கோடு மீன்சந்தையைத் தாண்டி, அவர் குடியிருக்கும் தெருவுக்குள் நுழைந்து, வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தது.