பல்லவியை விட்டுடாத

"மூச்சை நல்லா இழுத்து விடு. யாரும் உன்னைக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க."

காதில் மாட்டியிருந்த இயர்போனில் பெனியாமினின் குரல் கேட்டதும் தாமாரிஸ் மாடியைப் பார்த்தாள். சவுண்டு மேசைக்குப் பின்னாலிருந்து அவன் கையாட்டினான்.

"பயமா இருக்குண்ணே," என்று மைக்கில் முணுமுணுத்தாள். ஒலிபெருக்கியை அவன் இன்னும் திறக்கவில்லை. அவள் பேசுவது அவனுக்கு மட்டும்தான் கேட்கும். "போன தடவை மாதிரி வார்த்தை மறந்துட்டா?"

"மறந்தா பல்லவிக்குத் திரும்பு. எது நடந்தாலும் பல்லவியை விட்டுடாத. நான் காதுலயே இருக்கேன்ல?"

"வலேரியா அக்கா முன்வரிசையிலயே உக்காந்திருக்காங்க."

"உக்காரட்டும். அந்தம்மா பாட்டுக் கேக்கவா வந்திருக்கு? தப்பு எண்ண வந்திருக்கு."

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புக்கோவினா மலையடிவாரத்தில் இருந்த அந்த ஜெபவீட்டில், கிட்டாரும் கையுமாக இளசுகள் ஆராதனை நடத்துவது வலேரியாவுக்கும் அவருடைய பழைய பாடகர் குழுவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. அறுவடைப் பண்டிகையன்று தாமாரிஸ் பாதிப் பாட்டில் வார்த்தை மறந்து திருதிருவென்று விழித்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பாஸ்டர் தெயோஃபில்தான் மூப்பர்களிடம் மன்றாடி, இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையை அவளுக்கு வாங்கித் தந்திருந்தார். இன்றும் சொதப்பினால் இனி அவள் மேடைப் பக்கமே வர முடியாது.

வாரம் முழுக்கக் கொட்டிய பனியையும் பொருட்படுத்தாமல் சபை நிரம்பியிருந்தது. முதல் பாட்டு எப்படியோ ஒப்பேறிவிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் காதுக்குள் பெனியாமினின் தொனி மாறியது.

"டிரம்ஸை நிறுத்து. கையைக் காட்டு, நிறுத்திடுவான்."

தாளம் தப்பிவிட்டோமா? கையைக் காட்டினாள். டிரம்ஸ் நின்றது.

"யாரையும் கை தட்டச் சொல்லாத. தாலாட்டு மாதிரி மெதுவாப் பாடு. மேல பாக்காத, ஜனங்க முகத்தைப் பாரு. உன் கண்ணு போற இடத்துக்குத்தான் அவங்க கண்ணும் போகும்."

வாசலில் நின்றிருந்த ஒருவர் வேகமாக வந்து பாஸ்டரின் காதில் ஏதோ சொன்னார். பாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை. மூப்பர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டுப் பாடச் சொல்லு."

என் முகத்தைப் பார்க்கக்கூட சகிக்கவில்லையா? கேட்கவா முடியும்? சொன்னாள். சபை கண்ணை மூடியது. வாசல்காரர்கள் சத்தமில்லாமல் பெரிய கதவுகளைத் திறந்தார்கள். குளிர்காற்று மேடை வரை வந்தது.

"இப்ப சொல்லு, மிச்சப் பாட்டைத் தெருவுல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரிப் பாடப்போறோம்னு. குழந்தைங்களோட இருக்கறவங்க முதல்ல. அப்புறம் பின்னாலேர்ந்து ஒவ்வொரு வரிசையா. பாடிக்கிட்டே போகணும், பேசக் கூடாது."

அவன் குரல் நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறானோ? கிறிஸ்துமஸ் பாட்டை வீட்டுக்கு வீடு போய்ப் பாடுவது அந்த ஊர் வழக்கம்தான். ஆனால் ஆராதனை நடுவில் சபையையே எழுப்பி அனுப்புவதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. வாய் குழறியது. அடுத்த வரி மறந்தே போயிற்று.

"பல்லவி, தாமாரிஸ், பல்லவி! நீ நிறுத்தினா எல்லாம் போச்சு."

கண்ணில் நீர் முட்ட, பல்லவியைப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டர் எழுந்து வரிசை வரிசையாகக் கைகாட்டினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்களும், கோட்டை மாட்டிக்கொண்டே பெரியவர்களும் பாடியபடி வெளியேறினார்கள். அவள் பாடினாள், திரும்பவும் பாடினாள். ஒவ்வொரு பெஞ்சாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டே பாடுவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

கடைசியில் முன்வரிசை எழுந்தது. வலேரியா மேடையோரம் ஒரு கணம் நின்றார்.

"முதல்ல எங்க குழுவைத் துரத்தினா. இப்ப சபையையே துரத்திட்டா. கெட்டிக்காரிதான்!"

கிட்டார் தந்தியில் தாமாரிஸின் விரல்கள் வழுக்கின. அவரும் டிரம்ஸ்காரனும் போனபின் கீழே மண்டபத்தில் வேறு யாரும் இல்லை.

"போதும். எல்லாத்தையும் அப்படியே வெச்சுட்டு நீயும் போ. சத்தம் போடாம போ."

தெருவில் ஊரே கூடி நின்று பாடிக்கொண்டிருந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் ஒதுங்கி நின்றாள். மாடியிலிருந்து இறங்கி, எல்லோருக்கும் கடைசியாக, கோட்டு கூட இல்லாமல் பெனியாமின் ஓடி வந்தான். தன் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள்.

"அவ்வளவு மோசமாவா பாடினேன்? பிடிக்கலைன்னா மைக்கை அணைச்சிருக்கலாமேண்ணே! இப்படி ஊர் பாக்க என்னை அசிங்கப்படுத்தணுமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் இடி இறங்கிய மாதிரி ஒரு சத்தம். பனிப்பாரம் தாங்காமல் ஜெபவீட்டுக் கூரை மொத்தமாக உள்ளே விழுந்தது.

"உத்தரம் விரிசல் விடறதை ரெண்டாவது பாட்டுலயே பாத்துட்டேன்மா," என்றான் பெனியாமின், பற்கள் தந்தியடிக்க. "வாசல்ல நின்னவருக்குப் போன்ல தகவல் அனுப்பினேன். நான் கத்தியிருந்தா வாசல்ல மிதிபட்டே பாதிப்பேர் செத்திருப்பாங்க. நீ பாடினதாலதான் எல்லாரும் நடந்து வந்தாங்க."