பயணச் சலுகை

"அதோ, அதான்மே கடக்கரக் கோயில்!" என்று நாகப்பன் விரலை நீட்டினார். நீட்டிய விரலை உடனே மடக்கிக்கொண்டார். நீட்டி என்ன பிரயோஜனம்? மனைவி கெங்கம்மாளுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

"எந்தப் பக்கம்யா?" என்றாள் அவள், முகம் கோணாமல். தோளைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டார். அவள் பெரிதாக ஒரு கும்பிடு போட்டாள். நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

காலையில் அம்பத்தூரில் ஸ்கூட்டரை உதைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகாபலிபுரம் போகிறோம் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு வனஜா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள்.

பாதி வழியில் நாகப்பனுக்கு நெஞ்சைப் பிசைய ஆரம்பித்தது. டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி வண்டியை எடுத்தார். வலியைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? முப்பது வருடம் சர்க்கார் வேலை பார்த்தவர். குடும்பத்தோடு ஊர் சுற்றிவர ஆபீஸ் கொடுக்கும் பயணச் சலுகையை, நாலு தடவை பொய் ரசீது வைத்து வாங்கித் தின்றவர். ஆபீஸ் காகிதத்தில் கெங்கம்மாள் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் எல்லாம் பார்த்தாயிற்று. நிஜத்தில் அவள் மெரினாவைத் தாண்டியதே இல்லை.

"ஒரே ஒருவாட்டி மகாபலிபுரம் இட்டுகினு போயேன்" என்று கண் இருந்த காலமெல்லாம் கேட்டாள். ரிடையர் ஆகட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். தொண்ணூற்றொன்றில் ரிடையர் ஆவதற்குள் அவள் கண் முந்திக்கொண்டது.

"இன்னாயா, சத்தமே காணோம்? கோயிலு எப்டி கீதுன்னு சொல்லேன்."

சொன்னார். கல்லிலே கோபுரம், வரிசையாக நந்தி, அடிவாரத்தில் வந்து மோதும் அலை என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"வர்ற வழியில ரெண்டு வாட்டி மொளகா நெடி அட்ச்சுதே! ரெண்டு எடத்துலயா அரைக்கிற மெஷினு வச்சிகீறான்?"

"ஊருக்கு ஒரு மெஷினு இருக்காதாமே?" என்று சமாளித்தார்.

கைத்தாங்கலாக அவளைக் கரையில் இறக்கினார். கற்களில் தண்ணீர் சளக் சளக்கென்று மோதியது. பாதம் நனைந்ததும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கெங்கம்மாள் சிரித்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. பயணச் சலுகைக் கதை முழுவதையும் அங்கேயே நின்று கொட்டிவிட்டார்.

"உன்னிய ஏமாத்திட்டேன்மே. கண்ணு இருந்தப்போ ஒரு ஊரும் காட்டல. நான் பாவி."

கெங்கம்மாள் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "போவட்டும் வுடு. இன்னிக்கு இட்டாந்துட்ட இல்ல? அது போதும்" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நாகப்பனுக்கு. இப்படிப்பட்டவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று மனசு அறுத்தது. வலி இடது தோள் வரை ஏறியது. அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் தடவித் தடவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்லமே. கடக் காத்து பட்டா சரியாப் பூடும்" என்றார் நாகப்பன்.

"கடலு எங்கியும் ஓடிப் பூடாது, இன்னொரு நாளு பாத்துக்கலாம்." கெங்கம்மாள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இந்தச் செம்பரம்பாக்கம் ஏரிலேர்ந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரி கிட்டதான்யா, ஏந்திரு!"