வயிற்றுவலி

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒச்சாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன் சோணை.

கீழக்குயில்குடியிலிருந்து கோழி கூப்பிடக் கிளம்பி, புளியமரச் சாலையோடு நடந்தே மதுரைக்கு வந்திருந்தார்கள். வழி நெடுக அவளுக்கு வலி. கண்ட மரத்தடியிலெல்லாம் உட்கார்ந்தாள். "ஆத்தா, திரும்பிப் போயிருவமா?" என்று சோணை கேட்டபோது மட்டும் சட்டென்று எழுந்துவிட்டாள்.

அய்யாவுக்கு அறுப்பு வேலை. "நீதான் சும்மா இருக்க. ஆத்தாளக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அரிவாளோடு போய்விட்டார்.

சும்மா இருக்கிற சோணைக்கு வயது பதினாறு.

வராந்தா நிறைய ஆட்கள். கட்டுப்போட்ட கால்கள், வீங்கிய கன்னங்கள், மடியில் கிடந்து முனகும் பிள்ளைகள். ஒவ்வொருவரிடமும் இதோ என்று காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. சோணைக்கு அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

தனக்கு என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை. யாரும் அவனை வையவில்லை. அந்த வருஷம் மழைகூட நன்றாகப் பெய்தது. ஆடி மாதத்திலிருந்து உள்ளே எதுவோ அணைந்துவிட்டது, அவ்வளவுதான். சோறு மண்ணாக இருந்தது. விடியப்போகிறதே என்று பயமாக இருந்தது.

ஆட்டைப் பத்திக்கொண்டு மலைக்குப் போனால், பாறையில் செதுக்கிய சமணர் படுக்கையில் படுத்துவிடுவான். கல் குளுகுளுவென்று இருக்கும். இப்படியே எழுந்திரிக்காமல் போய்விட்டால் நல்லது என்று நினைப்பான். பிறகு ஏதாவது ஒரு குட்டி கத்தும். எழுந்து வருவான்.

பையன் மெலிவதைப் பார்த்து, மலையில் ஏதோ அடித்துவிட்டது என்றார்கள். பேயோட்டக் கோடாங்கி வந்தான். ஊரே சுற்றி நின்றது. உடுக்கை, வேப்பங்குழை, அப்புறம் புளிய விளாறு. "போறியா? போறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான்.

சோணைக்குள்ளிருந்து வெளியே போவதற்கு யாரும் இல்லை. அடி தாங்காமல் கடைசியில் அவனே, "போறேன்" என்று கத்தினான்.

அன்றிலிருந்து அவன் தேறிவிட்டான்.

அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். ஆட்கள் பார்க்கும்போது சாப்பிடப் பழகிக்கொண்டான். மாமன் மகன் சுருளி கேலி பேசினால் சிரிக்கப் பழகிக்கொண்டான். வாயைக் கொஞ்சம் திறந்தால் போதும், சிரிப்பு மாதிரியே இருக்கும்.

அய்யா கிடாய் வெட்டினார். சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்து, "புள்ள பொழச்சான்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டது. அந்தப் பந்தியின் நடுவில் இருந்தபோதுதான் சோணைக்குத் தாங்க முடியாத தனிமையாக இருந்தது. பேய் பிடித்திருந்தபோதாவது அவனை நாலு பேர் உற்றுப் பார்த்தார்கள். இனி யாரும் பார்க்கமாட்டார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் ஆத்தாளுக்கு இந்த வயிற்றுவலி வந்தது.

கம்பவுண்டர் வெளியே தலையை நீட்டி, "கீழக்குயில்குடி ஒச்சாயி" என்று கூப்பிட்டார்.

சோணை அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தான். மேசைக்கு அந்தப்பக்கம் நரைத்த தலையோடு டாக்டர். அவருக்குப் பின்னால் சுவரில் வெள்ளைக்கார ராஜா படம்.

"ஆத்தாளுக்கு ரொம்ப நாளா வயித்து..." என்று அவன் தொடங்கினான்.

டாக்டர் ஒச்சாயியைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்தார்.

"இந்தத் தம்பிதானாம்மா?"

ஒச்சாயி வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாங்கய்யா. விறகு விக்க வந்தன்னைக்கு ஒங்ககிட்ட வந்து சொன்னேன்ல, அது இவந்தான்."

சோணைக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்ப, ஒனக்கு வலி?"

"எனக்கு ஒண்ணுமில்லடா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒனக்குன்னு சொன்னா நீ வருவியா, ஒங்கய்யாதான் விடுவாரா?"

அவன் வழக்கம்போல வாயைத் திறந்து சிரிக்கப் பார்த்தான்.

"வேணாம்டா" என்றாள். "நீ சிரிக்கையில ஊரெல்லாம் பாத்துச்சு. சிரிச்சு முடிச்சப்பறம் ஒம் மூஞ்சிய நான் பாத்தேன்."

எழுந்து, அவன் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். விறுவிறுவென்று வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி ஒரு பக்கம் வைத்தார்.

"தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?"

இத்தனை மாதத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. கோடாங்கிகூட உள்ளே இருந்த வேறு யாரையோதான் கேட்டான்.

நல்லா வருதுங்க என்றுதான் சொல்ல நினைத்தான். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"இல்லீங்க" என்று வந்தது.

டாக்டர் தலையை ஆட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆடியில இருந்துங்க" என்றான் சோணை.