ஒல்லிக்கு வேலை போனது

“நாளையிலேருந்து நீ இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்!”

லாண்டரி வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றுவிட்டார் அதிகாரியம்மா. சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வேலை கொடுத்து ஆளாக்குகிற முதலாளிகளைத் தேடிப் பிடித்து விருது கொடுக்கும் குழுவில் அவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். இதுதான் முதல் ஆய்வு. நல்லதாக நாலு வரி எழுதலாம் என்று புதுப் பேனாவெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வந்த இடத்தில் காதில் விழும் முதல் பேச்சே இதுவா?

உள்ளே சலவை இயந்திரங்கள் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தன. இஸ்திரி மேசைக்கு இந்தப் பக்கம் நரைத்த கொண்டையோடு முதலாளி. எல்லோருக்கும் அவள் அக்கா. மேசைக்கு அந்தப் பக்கம், கதவை அடைக்கிற உடம்போடு ஒருவன். பாதி மடித்த படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றான்.

“நான் என்னக்கா தப்புப் பண்ணினேன்? ஒரு துணி கருகியிருக்கா? ஒரு பட்டன் தொலைஞ்சிருக்கா?”

“தப்புப் பண்ணினாத்தான் அனுப்பணுமா? கிளம்புன்னா கிளம்பு.”

“ஜெயில்லேருந்து வந்தவன்னு தெரிஞ்சதும் எல்லாக் கடையிலயும் கதவைச் சாத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளே விட்டீங்க. இப்ப நீங்களே…”

“இங்க பாரு ஒல்லி, அழுது வெச்சே, கெட்ட கோபம் வரும்!”

அந்த உடம்புக்கு ஒல்லி என்று பெயர் வைத்தது அக்காவாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விரிப்பை மடித்தான். அந்த நேரத்திலும் ஓரமும் ஓரமும் பிசகாமல் மடித்து அடுக்கின் மேல் வைத்தான். மேசையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “வரேன்க்கா” என்றான்.

“வராதேன்னுதானே இவ்வளவு நேரமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன்! போற வழியில முடி வெட்டிக்கோ. பாக்கச் சகிக்கல.”

அதிகாரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையையும் பிடுங்கிக்கொண்டு தலைமுடியையும் குறை சொல்கிறாளே, இவளெல்லாம் மனுஷியா?

அவன் போனதும் அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். “இந்த இஸ்திரி ஆவி ஒரு சனியன். யாரும்மா நீங்க? அந்த நாற்காலி ஈரம், இதுல உக்காருங்க.”

“விருதுக் குழுவிலேருந்து வரேன்.” அதிகாரியம்மா உட்காரவில்லை. “இவருக்கு முன்னாடி இங்க இருந்தவர் எங்கே?”

“அனுப்பிட்டேன்.”

“அதுக்கும் முன்னாடி இருந்தவர்?”

“அவரையும்தான். இருக்கறது ஒரே ஒரு இஸ்திரி மேசை. ஒல்லியே நின்னுக்கிட்டிருந்தா அடுத்தவன் எங்கே நிப்பான்?”

“அதுக்காக இவர் வயித்துல அடிக்கலாமா?”

“அவன் வயித்தைப் பாத்தீங்கல்ல? அதெல்லாம் தாங்கும்.”

இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று அதிகாரியம்மா வெளியே வந்துவிட்டார். நடைபாதை ஓரத்தில் ஒல்லி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கவலைப்படாதீங்க. அக்காவுக்கு விருது குடுக்கலாமான்னு பாக்க வந்தவ நான். உங்களுக்கு நான் எப்படியாவது வேலை வாங்கித் தரேன்” என்றார்.

அவன் அவசரமாக எழுந்து நின்றான். “மேடம், அக்காவைத் தப்பா எழுதிடாதீங்க. என் நேரம் சரியில்ல, அவ்வளவுதான். விருதை அவங்களுக்கே குடுத்துடுங்க.”

அதைக் கேட்டதும் அவருக்கே அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று குழுத் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் பெரிய ஹோட்டல் ஒன்றின் மேலாளர். தூங்கும்போதாவது கழுத்து டையைக் கழற்றுவாரா என்று குழுவில் எல்லோருக்கும் சந்தேகம். இந்த லாண்டரியின் முகவரியைக் கொடுத்து அனுப்பியதே அவர்தான்.

“சார், யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. என் கண்ணு முன்னாடியே ஒருத்தரைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பிட்டாங்க. பாவம் சார், நீங்களாவது உங்க ஹோட்டல்ல…”

“ஒல்லியை அனுப்பிட்டாங்களா?” தலைவர் சிரிப்பது கேட்டது. “நாளைக்கு அவர் எங்க சலவைப் பிரிவுல சேர்றார் மேடம். அவர் உடம்புக்கு யூனிபார்ம் தெச்சாச்சா, தெச்சாச்சான்னு போன் பண்ணியே அக்கா என் உயிரை வாங்கிட்டாங்க. காலையில வண்டி எடுத்துக்கிட்டு நானே அவர் வீட்டுக்குப் போறேன்.”

அதிகாரியம்மாவுக்குத் தலை சுற்றியது. “அதை அவர்கிட்டயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சார்?”

“சொன்னா யாரும் நகர மாட்டாங்க மேடம். ‘பெரிய இடத்துல என்னை யார் நம்புவாங்க, இங்கேயே ஒரு மூலையில கிடந்துடறேன்’னு மேசைக் காலைப் பிடிச்சுக்குவாங்க. இங்க இனிமே இடமில்லைன்னு ஆனாத்தான் வண்டியிலயே ஏறுவாங்க.”

“அப்போ அந்தம்மா இதுவரைக்கும் துரத்தினவங்க எல்லாரும்…?”

“ஒருத்தர்கூட வேலையில்லாம இல்லை.”

“இவ்வளவும் தெரிஞ்ச நீங்களே ஆய்வுக்கு வந்திருக்கலாமே சார்? என்னை எதுக்கு அனுப்பினீங்க?”

அதிகாரியம்மா அதுவரை கேட்டிராத ஒரு குரலில் தலைவர் சொன்னார்:

“ஜெயில்லேருந்து வந்து அந்த மேசையில நின்ன என்னையும் அழ அழத் துரத்தினவங்களுக்கு, நானே எப்படி மேடம் மார்க் போடறது?”