சங்கத்தின் மகிழ்ச்சியான செய்தி

மூன்றாவது செய்தியை அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது தலைவர் எழுந்து வந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்மா. முக்கியமான செய்தி ஒண்ணு இருக்கு."

அவள் ஒதுங்கி நின்றாள்.

பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா. கல்யாண மண்டபத்தில் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. சங்கச் செய்திகளையும் இனி வரும் நிகழ்ச்சிகளையும் ஒவ்வொரு வருடமும் அவள்தான் வாசிப்பாள். யார் பெயரையும் தப்பாகச் சொல்லமாட்டாள்.

முதல் வரிசையில் அப்பா.

நூல் மில்லின் இரைச்சலில் காதைத் தொலைத்தவர். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காது மெஷின் கீச்சென்று கத்தவே, கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். கேட்காவிட்டால் என்ன. மகள் மேடையில் நிற்பதைப் பார்க்கத்தான் வந்திருந்தார். முழங்கால் வலியால் அம்மா வரவில்லை.

"நம்ம பல்கலைக்கழகத்துல, வரலாற்றுத் துறையில காலியா இருந்த உதவிப் பேராசிரியர் இடம்," என்றார் தலைவர்.

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள்.

ஒரே இடம். பல வருடங்களுக்குப் பிறகு வந்த ஒரே இடம். போன மாதம் நேர்காணல் நடந்தது. வெகுநேரம் கேட்டார்கள். அவள் வெளியே வரும்போது உள்ளே இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அந்தக் கும்பிடைப் பற்றி வீட்டில் மூன்று பேரும் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். மே மாதம் சம்பளம் இல்லாத வேலை. வேலை நிரந்தரமாகட்டும் என்று தள்ளிப்போட்டவை நிறைய. அவற்றில் சிலவற்றைப் பற்றி இப்போது யாரும் கேட்பதுகூட இல்லை.

"நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருத்தருக்கே கிடைச்சிருக்கு."

சொல்லிவிட்டுத் தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்த ஒரு நொடி அவள் நம்பினாள்.

"இசக்கிராஜா. மேடைக்கு வாங்க தம்பி."

கைதட்டல்.

பின்வரிசையிலிருந்து அவன் எழுந்து வந்தான். அவளிடம் படித்தவன். வகுப்பில் வாயே திறக்காதவனை எழுப்பி நிறுத்திப் பேசவைத்தவள் அவள். நேர்காணலுக்கு முந்தின வாரம்கூட, என்ன கேட்பார்கள் மேடம் என்று போன் செய்தான். சொல்லிக்கொடுத்தாள்.

தலைவர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். அப்பா மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் நேரே அவளிடம் வந்து காலைத் தொட்டான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நேத்து சாயங்காலந்தான் மேடம் எனக்கே தெரியும். உங்களுக்குப் போன் பண்ணக் கை வரலை."

"நல்லா இருப்பா."

அதைச் சொல்ல முடிந்தது.

அவன் தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தான். வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் அவள்மேல் போர்த்திவிட்டான்.

மண்டபமே எழுந்து நின்றது. முதலில் தட்டியதைவிட அதிகமாகக் கை தட்டினார்கள்.

அப்பாவும் எழுந்தார்.

எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் பட்டம் வாங்கிய அன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவர் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. பார்த்ததெல்லாம் மகள் தோளில் பொன்னாடை. காலைத் தொட்ட ஒரு பையன். எழுந்து நின்ற கூட்டம்.

இல்லை என்று தலையாட்டினாள்.

அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு போனை எடுத்தார்.

தனக்குக் கேட்காததால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். மேடைவரை கேட்டது.

"ஏட்டி, நம்ம பிள்ளைக்குக் கெடைச்சிட்டு."

முன்வரிசையில் சிலர் திரும்பினார்கள். இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாட்டி. இங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்காவ."

அம்மா என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் போனைக் காதிலேயே வைத்திருந்தார். இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தார்.

தலைவர் எதையும் கவனிக்கவில்லை. மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

"மீதியையும் வாசிச்சிரும்மா. சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

அவள் தாளை விரித்தாள்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, ரத்த தான முகாம். அதற்கடுத்த மாதம் உறுப்பினர்களின் குடும்பச் சுற்றுலா, குற்றாலம். சீசனைப் பொறுத்துத் தேதி அறிவிக்கப்படும். செப்டம்பரில் வேலை தேடும் பட்டதாரிகளுக்கு நேர்காணல் பயிற்சி, அனுமதி இலவசம்.

பயிற்சி அளிப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதையும் வாசித்தாள்.

தாள் முடிந்துவிட்டது.

நாற்காலிகள் நகர்ந்தன. ஆட்கள் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் போகத் தொடங்கினார்கள். அப்பா மட்டும் கூட்டத்துக்கு எதிராக நடந்து மேடைப் படிக்கட்டின் கீழே வந்து நின்றார். அவள் இறங்கியதும் பிடித்துக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியிருந்தார்.

அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"உறுப்பினர்களின் கவனத்துக்கு. மீண்டும் ஒருமுறை வாசிக்கிறேன்."

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, ரத்த தான முகாம்.