கழற்றிய ரிலே

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கார் ஏசியைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் மாமனார்தான். மெக்கானிக் ஏசி கேஸைச் சோதித்தார், குறையில்லை. பானெட்டுக்குள் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்ததும், “ஏசி ரிலேயையே காணோமே சார், யாரோ கழட்டியிருக்காங்க” என்றார். தயானந்தன் பேன்ட் பைக்குள் கைவிட்டு, தான் கழற்றிவைத்திருந்த அந்தச் சின்ன ரிலேயை இறுகப் பற்றிக்கொண்டான். வெக்கை தாங்காமல், இனி டயாலிசிஸுக்கு ஆட்டோவிலேயே போய்க்கொள்கிறேன் என்று மாமனார் சொல்லிவிடுவார் என நினைத்திருந்தான். அவர் சொல்லவில்லை, வழியெல்லாம் துண்டால் தனக்கும் அவனுக்குமாக விசிறிக்கொண்டே வந்தார். புது ரிலேயை மாட்டியதும் காற்று சில்லென்று வந்தது. முன்சீட்டில் இருந்த மாமனார் உள்ளங்கையைக் கொஞ்சநேரம் அதில் காட்டினார். பிறகு தன் பக்கத்துக் காற்றையும் அவன் பக்கமே திருப்பிவிட்டார். “முகத்துல படட்டும் மாப்ள. எனக்காக எவ்வளவு வெக்கையில ஓட்டுனீங்க.”